‘கேஸ் கம்மி’ என்ற இரண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த 11,400 ரூபாய்

ஏழு வருஷம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். தூத்துக்குடியில் மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம், சிக்னலில் நிற்கும்போது ஏசியில் வெறும் காற்று வந்தது. வண்டி நகர்ந்ததும் கொஞ்சம் குளிர்ந்தது. பக்கத்திலிருந்த ஏசி கடையில் பானட்டைத் திறந்து ஒரு பைப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். “கேஸ் கம்மியா இருக்கு அண்ணாச்சி, ஏத்திட்டா சரியாயிரும்.” இருபது நிமிஷம், 1,400 ரூபாய். ஐஸ் மாதிரி காற்று. கத்திரி வெயில் முழுக்க ஓடியது. ஜூன் முதல் வாரத்தில் மறுபடியும் வெறும் காற்று. ஆகஸ்ட் முடிவதற்குள் ஐந்து கடை, ஐந்து நாள் லீவு, மொத்தம் 22,550 ரூபாய். உண்மையான கோளாறுக்கு ஆனது 11,150 மட்டும். மீதி 11,400 ரூபாய், யாரும் கசிவை முழுதாகத் தேடாமலே கேஸை ஏற்றியதற்கும், நல்ல நிலையில் இருந்த ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டதற்கும் போனது. யாரையும் திட்ட இதை எழுதவில்லை. எனக்கு அப்போது என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாது. அதுதான் கோளாறு.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது. கார் ஏசியில் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரசர் அழுத்துகிறது, முன் கிரில்லுக்குப் பின்னாலிருக்கும் கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டையில் பீறிட்டு அழுத்தம் குறைகிறது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது, திரும்பவும் கம்ப்ரசருக்கே வருகிறது. மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷத்துக்குச் சில கிராம் ஊறி வெளியேறுவது சகஜம். அதனால் ஆறேழு வருஷ வண்டியில் ஒரே ஒரு தடவை கேஸ் குறைந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வாரத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வேறு விளக்கமே கிடையாது. இந்த ஒரு வரியை ஜூன் மாதம் யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கேஸ் குறைந்ததை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியை முழுக் குளிரில் வைத்து, பானட்டைத் திறந்து கேளுங்கள். கம்ப்ரசர் கிளட்ச் ‘டக்’ என்று பிடித்து, சில விநாடியில் விட்டு, மறுபடி ‘டக்’ என்று பிடித்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பிரஷர் சுவிட்ச் கிளட்சைத் துண்டிக்கும். இல்லாவிட்டால் கேஸோடு சேர்ந்து சுற்றும் ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரசர் காய்ந்துவிடும். அடுத்து, டேஷ்போர்டின் இடது வென்ட் ஜில்லென்றும் வலது வென்ட் வெதுவெதுப்பாகவும் இருந்தால், காயிலின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே திரவம் எட்டுகிறது என்று அர்த்தம். அதுவும் கேஸ் குறைவின் அடையாளம். ஆனால் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாவது மட்டும்தான் பிரச்சினை என்றால், முதலில் கண்டென்சருக்குப் பின்னாலிருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேன் நின்றிருந்தாலும் இதே அறிகுறிதான். என் வண்டியில் ஃபேன் சுற்றியது. ஆனால் முதல் கடையில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதல் கடையில் செய்தது ‘டாப்பிங்’. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல், கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே மேலே ஏற்றுவது. இதில் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜில் தெரிவது கேஸின் அளவு அல்ல, வெப்பநிலை. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே 350 கிராம் இருந்தாலும் இதே அழுத்தம், 150 கிராம் இருந்தாலும் இதே அழுத்தம். ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும் வரை அந்த முள் மாறாது. சிலிண்டரில் கால் பாகம் சமையல் கேஸ் இருந்தாலும் அடுப்பு முழு வேகத்தில் எரிவது போலத்தான். ஆகவே கேஜைக் காட்டி “பாருங்க, ஃபுல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சரியான வழி ஒன்றுதான்: உள்ளே இருப்பதை முழுக்க மெஷினில் இழுத்தெடுத்து, வேக்யூம் போட்டு (பம்ப்பால் மிச்சக் காற்றையும் உறிஞ்சி), எடை போட்டு ஏற்றுவது. எத்தனை கிராம் என்று பானட்டின் அடிப்பக்கத்திலோ ரேடியேட்டர் மேல்பட்டையிலோ ஒட்டியிருக்கும். என் வண்டியில் 350 கிராம். இவ்வளவு சின்ன சிஸ்டத்தில் 50 கிராம் கூடினால் ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதிகமானாலும் குளிர் குறையும். கண்டென்சரில் திரவம் தேங்கி, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து எக்ஸ்பான்ஷன் வால்வு வரையான பக்கம்) அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் முக்கும்.

ஜூனில் இரண்டாவது கடை. இவர் கொஞ்சம் பொறுப்பானவர். சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்தார். லோ சைடில், அதாவது கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கத்தில், கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் போர்ட்டின் பின் வால்வில் குமிழி வந்தது. டயர் டியூப் வால்வுக்குள் இருக்கும் அதே மாதிரி பின்தான். முதல் கடையில் கேஸ் ஏற்றியபோது மூடியைத் திரும்பப் போடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த பிளாஸ்டிக் மூடி தூசிக்காக மட்டும் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதுதான் இரண்டாவது காவல். பின் மாற்றி, அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, இருபது நிமிஷம் முள் அசையாமல் நிற்பதைக் காட்டினார். “லீக் இல்ல அண்ணாச்சி.” 1,800 ரூபாய். எனக்கும் பரம நிம்மதி. ஆறு வாரம் தாங்கியது.

இங்கே இரண்டு விஷயம் கற்றேன். ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டால் அதோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. பின் வால்வு கசிந்தது உண்மை. அது சின்னத் திருடன். பெரிய திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். இன்னொன்று, வேக்யூம் நிற்பது கசிவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வேக்யூமில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐதான். வண்டி சும்மா நிற்கும்போதே கேஸ் வெளியே தள்ளும் அழுத்தம் நூறு பிஎஸ்ஐ பக்கம். ஓடும்போது ஹை சைடில் 200க்கு மேல். நூறு பிஎஸ்ஐயில் கசியும் ஊசிமுனை ஓட்டை, பதினான்கில் இருபது நிமிஷத்தில் காட்டிக்கொடுக்காது. வேக்யூமின் முதல் வேலை உள்ளே புகுந்த ஈரத்தைக் கொதிக்க வைத்து உறிஞ்சுவது. 29 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்யூம் இழுத்தால் நம் ஊர் வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அதற்காக முப்பது நாற்பது நிமிஷம் போட்டே ஆக வேண்டும். பத்து நிமிஷம் பம்ப்பை ஓட்டிவிட்டு நிறுத்தினால் அது சடங்குதான்.

ஜூலை நடுவில் மறுபடியும் போனது. இந்தத் தடவை எனக்குக் கோபமும் அவமானமும். வேறு கடைக்குப் போனேன். அவர் முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்து, கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்க் கறையும், துடுப்புகளில் (மெல்லிய அலுமினியத் தகடுகளில்) வெள்ளைப் பொடியும் காட்டினார். உப்புக்காற்று ஊர், கண்டென்சர் அரிக்காமல் என்ன செய்யும்? கேட்கவே நியாயமாக இருந்தது. கேஸோடு ஆயிலும் வெளியேறும், ஆகவே எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தில் கசிவு இருக்கும் என்பதும் பொதுவாகச் சரியான பேச்சுதான். நான் “அப்போ மாத்திருங்க” என்றேன். ஈரத்தை உறிஞ்சும் டிரையரோடு சேர்ந்த கண்டென்சர் 5,600, கேஸ் 1,600, கூலி 1,000. இரண்டு நாள். ஐந்து வாரத்தில் மறுபடி வெறும் காற்று.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பழைய கண்டென்சரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டது. பிறகு மதுரையில் அதன் இரண்டு வாயையும் அடைத்து, 200 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். பத்து நிமிஷம் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. அந்தக் கறை எப்போதோ இன்ஜின் ஆயில் ஊற்றும்போது சிந்தி, தூசி பிடித்தது. வெள்ளைப் பொடி மேலோட்டமான அரிப்பு. நல்ல கண்டென்சர். என் கண்ணெதிரே 8,200 ரூபாய் அந்தத் தொட்டித் தண்ணீரில் அசையாமல் கிடந்தது.

நாலாவது கடையில் இன்னும் பெரிய அடி விழ இருந்தது. கேஜ் மாட்டினார், லோ சைடு 12, ஹை சைடு 110. “கம்ப்ரசர் வீக் ஆயிருச்சு அண்ணாச்சி, பிரஷரே ஏத்த மாட்டேங்குது.” 19,000 ரூபாய் கொட்டேஷன். நல்லவேளை, அன்று கையில் பணம் இல்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ சிஸ்டம் ஆரோக்கியமாக ஓடினால் லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 200 முதல் 250 பக்கம் இருக்கும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து அழுத்த முடியாமல் போனால், இழுக்க வேண்டிய பக்கத்தில் அழுத்தம் தேங்கும்: லோ சைடு 70, 80 என்று உயர்ந்தும் ஹை சைடு தாழ்ந்தும் நிற்கும். இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்சரில் அழுக்கு, அல்லது உள்ளே காற்று. லோ சைடு ஏறத்தாழ வேக்யூம் வரை இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. இந்த நாலு நிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் மாட்டியதும் மெக்கானிக்கிடம் இரண்டு எண்ணையும் கேட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கவிடாத கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

மதுரைக்கு 135 கிலோமீட்டர் ஏசி இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனேன். கார் ஏசி மட்டுமே பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை. அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாள்ல இறங்குது சார்?” முப்பத்தைந்து நாள் என்றதும், “அப்போ ஒரு நாளைக்கு நாலு கிராம். கண்ணுக்குத் தெரியாது, தேடித்தான் எடுக்கணும்” என்றார். அதுவரை யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. 350 கிராமில் 150 கிராம் போனால் குளிர் போய்விடும். 150ஐ 35ஆல் வகுத்தால் அவ்வளவுதான். நாளுக்கு நாற்பது கிராம் போகும் கசிவு சோப்புத் தண்ணீரில் பொங்கும். நாலு கிராம் கசிவுக்கு வேறு ஆயுதம் வேண்டும்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், எந்தக் கடையிலும் இதே வரிசையை எதிர்பார்க்கலாம். ஏசியை ஓட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினார். பிளோயரையும் நிறுத்திப் பதினைந்து நிமிஷம் விட்டார். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கூலிங் காயில் கசிந்தால், காற்று அசையாத பெட்டிக்குள் அடியில் போய்த் தேங்கும். பிறகு வண்டிக்கு அடியில், ஏசித் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய் வாயில் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரின் மூக்கை வைத்தார். கீ கீ என்று கத்தியது. உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. டிடெக்டர் பெட்ரோல் ஆவிக்கும், பிரேக் கிளீனருக்கும், கார் பெர்ஃப்யூமுக்கும் கூடக் கத்தும். டேஷ்போர்டில் இருந்த பெர்ஃப்யூம் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மறுபடி பார்த்தார். மறுபடியும் கத்தியது. இன்ஜின் பக்கம் ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கத்திலும் மெதுவாக நகர்த்தினார், சத்தமில்லை.

யூவி டை போடலாமே என்று கேட்டேன். டை என்பது ஆயிலோடு கலந்து சுற்றும் சாயம்; கசியும் இடத்தில் வெளியேறி, யூவி விளக்கில், மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பச்சையாக ஒளிரும். வெளியில் இருக்கும் இணைப்புகளுக்கு அருமையான வழி. கூலிங் காயில் பெட்டிக்குள் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது, டிரெயின் தண்ணீர் அதைக் கழுவியும்விடும். இருட்டில் டிரெயின் சொட்டும் இடத்தில் விளக்கடித்துப் பார்த்தால் சில சமயம் ஒளிரும். ஆனால் டை வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஓட்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, மதுரைக்கு இன்னொரு தடவை வரவும் மனமில்லை.

அடுத்தது நைட்ரஜன் டெஸ்ட். மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்தெடுத்தார். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கும் தகடான ஃபயர்வாலில் எக்ஸ்பான்ஷன் வால்வோடு சேரும் இரண்டு பைப்பையும் கழற்றி, சிஸ்டத்தை இரண்டு துண்டாக்கினார்: கம்ப்ரசர், கண்டென்சர் ஒரு பக்கம், கூலிங் காயில் தனியாக ஒரு பக்கம். இரண்டுக்கும் அடைப்பு மாட்டி, காயிலுக்கு 150 பிஎஸ்ஐ, மறு பக்கத்துக்கும் 150. ஒரு மணி நேரம். கம்ப்ரசர் பக்கம் 150லேயே நின்றது. காயில் பக்கம் 138. இதில் ஒரு சூட்சுமம்: வெயிலில் ஏற்றி நிழலில் பார்த்தால் ஓட்டையில்லாமலே முள் இறங்கும். 150 பிஎஸ்ஐயில் பத்து டிகிரி குறைந்தால் சுமார் ஐந்து பிஎஸ்ஐ குறைந்து காட்டும். அதனால்தான் வண்டியை முதலிலேயே ஷெட்டுக்குள் விட்டு ஆறவிட்டிருக்கிறார். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றியதும் அதற்குத்தான். வெப்பநிலை காரணமென்றால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். நைட்ரஜனுக்குப் பதில் கடையின் ஏர் கம்ப்ரசரிலிருந்து காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றில் ஈரம் இருக்கிறது. ஆயில் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உள்ளேயே அமிலமாகும். ஆர்-134ஏவோடு அழுத்தத்தில் காற்று கலந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்து வந்தால் வண்டியை விட்டு ஓடிவிடுங்கள்.

டேஷ்போர்டு இறக்குவது ஒரு நாள் வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் விட்டபிறகே ஏர்பேக் பக்கம் கை வைத்தார். ஹீட்டர் பைப்பையும் கழற்ற வேண்டியிருந்ததால் கூலன்ட் வடித்தார். ஒரு லிட்டர் என்னிடமே இருந்ததால் அந்தச் செலவு மிச்சம். உங்கள் வண்டியில் இந்த வேலை நடந்தால், கூலன்ட் திரும்ப நிரப்பிக் காற்று எடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஏசி சரியாகி, இன்ஜின் சூடேறும்.

மாலை நாலு மணிக்குக் காயில் கைக்கு வந்தது. ஒரு டிக்‌ஷனரி அளவுதான். முகப்பில் பாதித் துடுப்புகள் தெரியவில்லை. வேப்பம்பூவும், காய்ந்த இலைக்காம்பும், பஞ்சும், சேறும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தது. நான் வருஷக் கணக்கில் வண்டி விடுவது வேப்பமரத்தடியில். ஈரக் கம்பளியின் வாடை. ஏசி போட்ட முதல் நிமிஷத்தில் வரும் வாடை அதேதான், நான் அதைச் சீட்டின் வாடை என்று நினைத்திருந்தேன். கழுவிவிட்டு, வாயை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி வாளியில் முக்கினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழ்வரிசைத் துடுப்புகளுக்கு நடுவே கடுகளவு ஒரு குமிழி உருண்டு திரண்டு, ஒட்டிக்கொண்டே நின்று, மேலே வந்தது. ஏழெட்டு விநாடி கழித்து இன்னொன்று. அவர் எதுவும் பேசவில்லை. நான் குனிந்து எத்தனை குமிழி எண்ணினேன் என்று தெரியாது.

ஈரமான குப்பை மாதக் கணக்கில் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தால் அரிக்கும். அதற்குக் காரணம் என் வண்டியில் கேபின் ஃபில்டரே இல்லாதது. விலை குறைந்த வேரியன்ட்களில் பல கார்களில் ஃபில்டருக்கான இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. சிலவற்றில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். முந்நூறு ரூபாய்ச் சமாச்சாரம். மழைக்காலம் முடிந்ததும், வேப்பம்பூ உதிரும் பங்குனி சித்திரை முடிந்ததும், வைப்பருக்கு அடியில் இருக்கும் காற்று வாயில் குப்பையை அள்ளிவிடுங்கள்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. ஏசி ஓடும்போது கூலிங் காயிலில் அழுத்தம் முப்பது நாற்பதுதான். இன்ஜின் நின்றதும் இரண்டு பக்கமும் சமமாகி, காயிலுக்கும் நூறு பிஎஸ்ஐ ஏறிவிடும். வெயிலில் மூடிய வண்டிக்குள் 50 டிகிரி வரை போனால் 175 பிஎஸ்ஐ பக்கம் கூட ஆகலாம். ஆகவே என் கேஸ் போனது பெரும்பாலும் நான் ஏசி போட்டபோது இல்லை, ஆபீஸ் வாசலில் வண்டி வெயிலில் நின்றபோது. “ஏசியே அதிகம் போடல, எப்படி கேஸ் தீரும்?” என்று ஜூலையில் நான் சண்டை போட்டதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

புதுக் காயில் 3,800, எக்ஸ்பான்ஷன் வால்வு 950, ஓ ரிங் செட் 250, ஆயில் 450, நைட்ரஜன் டெஸ்ட் 500, கேஸ் 1,700, டேஷ்போர்டு கூலி 3,500. கூட்டினால் 11,150. வால்வை மாற்றியது, அது கெட்டுப்போனதால் இல்லை. காயிலோடு ஒட்டியே இருக்கும் 950 ரூபாய்ப் பொருளுக்காக மறுபடி டேஷ்போர்டு இறக்க முடியாது என்பதால். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் எதையும் திரும்பப் போடக் கூடாது. புதிதை ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும், காய்ந்ததை முறுக்கினால் கிள்ளிக்கொள்ளும். கழற்றிய பைப் வாய்களை உடனே மூட வேண்டும். இந்த ஆயில் ஈரத்தைக் காற்றிலிருந்தே குடிக்கும், அதனால் டப்பாவும் திறந்து கிடக்கக் கூடாது. பழைய காயிலில் தங்கிய ஆயிலுக்கு ஈடாக முப்பது நாற்பது மில்லி சேர்த்தார். எந்த ஆயில் என்பது கம்ப்ரசர் ஸ்டிக்கரில் இருக்கும். பிஏஜி என்ற வகை ஆயிலிலேயே பிஏஜி 46, பிஏஜி 100 என்று கெட்டி மாறும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியில் கம்ப்ரசரே மின்சாரத்தில் ஓடுவதால் பெரும்பாலும் பிஓஇ வகை ஆயில் வேண்டும். சாதா பிஏஜி ஊற்றினால் கம்ப்ரசருக்குள் மின்கசிவு ஏற்பட்டு வண்டி ஃபால்ட் காட்டி நிற்கும். சில புது மாடல்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஏற்றக் கூடாது.

வழியில் எனக்கு இரண்டு குறுக்குவழிகளும் சொல்லப்பட்டன. ஒன்று, ‘லீக் ஸ்டாப்’ டப்பா. ஓட்டையில் காற்றின் ஈரம் பட்டதும் கெட்டியாகும் திரவம். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேயே கெட்டியாகி, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். அடுத்த கடைக்காரரின் மெஷினையும் கெடுக்கும். அதைப் போட்ட வண்டியை நல்ல பட்டறைகள் தொடக்கூட மாட்டார்கள். இன்னொன்று, பாதி விலை கேஸ். அது எரியும் ஹைட்ரோகார்பன் கலவையாக இருக்கலாம். காயில் கசிந்தால் அது வந்து சேருமிடம் நீங்கள் உட்காரும் கேபின். போலி ஆர்-134ஏவில் மீத்தைல் குளோரைடு கலந்து வந்து, அலுமினியத்தோடு வினைபுரிந்து, 2011இல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்ப்பலி ஆனது. துறைமுக ஊர்க்காரனுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

கேஸை அப்படியே காற்றில் ‘உஸ்’ என்று திறந்துவிடும் கடைகளும் உண்டு. மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. கையில் பட்டால் தோல் வெந்தது போல் ஆகும், கண்ணில் பட்டால் கதை முடிந்தது. பக்கத்தில் சிகரெட்டோ வெல்டிங்கோ இருந்தால் நச்சு வாயுவாகப் பிரியும். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. என் வண்டியின் 350 கிராம் என்பது ஐந்நூறு கிலோ கரியமில வாயு, அதாவது 215 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். நான் ஐந்து மாதத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அதில் பாதி அளவைக் காற்றில் விட்டிருக்கிறேன்.

வேலை முடிந்து 350 கிராம் எடை போட்டு ஏற்றிய பிறகு, வெளியே 34 டிகிரியில், லோ சைடு 38, ஹை சைடு 225. நடு வென்டில் தெர்மாமீட்டர் சொருகினால் 7 டிகிரி. இந்த நாலு எண்ணையும் தேதியோடு எழுதி கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். வென்ட் தெர்மாமீட்டர் இருநூறு ரூபாய். மாதம் ஒரு தடவை, அதே மத்தியான நேரத்தில், கண்ணாடி மூடி, உள்காற்று சுற்றும் நிலையில், பத்து நிமிஷம் ஓட்டியபின் பார்க்கிறேன். ஏழு எட்டாகலாம், வெயிலைப் பொறுத்தது. பதினான்கானால் மறுபடி தேட வேண்டும், ஏற்றக் கூடாது.

இப்போது யாராவது ஏசி கடைக்குப் போகிறேன் என்றால், போகும் முன் போனில் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். நைட்ரஜன் போட்டு லீக் பார்ப்பீங்களா? கேஸை எடை போட்டு ஏத்துவீங்களா? மாத்துற பார்ட்டை லீக் காட்டிட்டுத்தான் மாத்துவீங்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் அங்கேயே போகலாம். “அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, வண்டியக் கொண்டாங்க பாத்துக்கலாம்” என்றால், அந்த வாக்கியத்துக்கு நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்.

பழைய கண்டென்சர் இன்னும் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடை கேட்டார்கள், கொடுக்கவில்லை. டேஷ்போர்டு இறக்கி ஏற்றியதில் ஒரு கிளிப் உடைந்துவிட்டது போலிருக்கிறது. அறுபதைத் தாண்டினால் இடது மூலையில் ‘கிர்ர்’ என்கிறது. ஏசி பிளோயர் மூன்றில் இருந்தால் கேட்காது.